ஓம் விதி திறக்கும் கதவு

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். “ஓம் விதி எதற்குப் பயன்படும்?” என்று வீட்டில் கேட்கிறார்கள். ஓர் உதாரணம் சொல்கிறேன்.

ஜெர்மனியின் போர்ஷே நிறுவனம் 1982 முதல் 1991 வரை 944 என்னும் ஸ்போர்ட்ஸ் காரைத் தயாரித்தது. அவற்றுள் பலவற்றில் பின்புறக் கண்ணாடிக் கதவின் கொக்கிகளை விடுவிப்பது ஒரு சிறு மின்மோட்டார். பழைய காரில் அது முனகி நின்றால், உடனே புது மோட்டார் வாங்க வேண்டியதில்லை. பொத்தானை அழுத்தியபடியே மோட்டார் முனைகளில் வோல்ட்மீட்டரை வைக்க வேண்டும். துருப்பிடித்த எர்த் இணைப்பின் தடை அரை ஓம், மின்னோட்டம் 10 ஆம்பியர் என்று கொள்வோம். 5 வோல்ட் அங்கேயே வீணாகும். 12-இல் 7 வோல்ட்தான் மோட்டாரைச் சேரும். மின்னோட்டம் இல்லாதபோது அளந்தால் இக்குறை தெரியாது.

இணைப்பை உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினால் போதும். முழு அழுத்தம் கிடைத்தும் திறக்காவிட்டால்தான் மோட்டாரையோ பற்சக்கரத்தையோ சந்தேகிக்க வேண்டும். ஏழைக்கு விதி தரும் இலாபம், வீண் செலவு தவிர்ப்பதே.