பள்ளி மாணவர் அனைவரின் படைப்பாற்றல் வளர்ச்சி: ஒகேனக்கல் வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பள்ளிகளில் திறமை வளர்ப்பு என்பது பெரும்பாலும் திறமையாளரைத் தேர்ந்தெடுத்தல் என்றே பொருள் கொள்ளப்படுகிறது. தேர்வு ஒருசிலரை முன்னிறுத்தும். வளர்ப்பு அனைவரையும் உட்படுத்தும். இவ்வேறுபாட்டைத் தமிழகக் கல்வி முயற்சிகளின்வழி விளக்கி, ஒகேனக்கல் வட்டாரத்தின் தொழில், நீர், கலை ஆகியவற்றைக் கற்றல் வளங்களாக இக்கட்டுரை முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: படைப்பாற்றல், செயல்வழிக் கற்றல், கலைத் திருவிழா, பரிசல், தெருக்கூத்து.

முன்னுரை

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பாடத்திட்டம் குழந்தையின் முழுமையான வளர்ச்சியைக் கருத வேண்டும் என்றும், செயல்பாடு, கண்டறிதல், ஆராய்தல் ஆகியவற்றின்வழிக் கற்றல் நிகழ வேண்டும் என்றும் 29ஆம் பிரிவில் கூறுகிறது. இவ்விதி ஆர்வமுள்ள சிலருக்கு மட்டும் உரியதன்று. எனவே, படைப்பாற்றலை வளர்ப்பது பள்ளியின் கூடுதல் பணியாகாது; அடிப்படைக் கடமையாகும்.

செயல்வழிக் கற்றலும் கலைத் திருவிழாவும்

ஆந்திரத்தின் ரிஷிவேலி கிராமப் பள்ளிகளில் உருவான கற்றல் முறையைத் தழுவி, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கப்பெற்றது. பின்னர் 2007-08இல் மாநிலம் முழுவதும் தொடக்க வகுப்புகளுக்கு விரிவாக்கப்பட்டது. ஒவ்வொரு குழந்தையும் கற்றல் ஏணியில் தன் வேகத்தில் முன்னேறியது. சுவரின் கீழ்ப்பகுதியில் ஒவ்வொருவருக்கும் கரும்பலகையில் இடம் இருந்தது. வகுப்பறையின் கம்பிப் பந்தலில் அனைவரின் படைப்புகளும் தொங்கின. சிறந்த ஓவியம் மட்டுமே காட்சிக்குரியது என்னும் வழக்கத்தை இவ்வமைப்பு மாற்றியது.

2022-23இல் அரசுப் பள்ளிகளில் தொடங்கிய கலைத் திருவிழா, பள்ளி அளவில் தொடங்கி மாநில அளவு வரை செல்லும் போட்டியாக அமைந்தது. கலைக்குப் பள்ளியில் மதிப்பைப் பெற்றுத் தந்தது இதன் பயன். எனினும் போட்டியின் இயல்பு, படிதோறும் பங்கேற்போரைக் குறைப்பதாகும். வெளியேறும் மாணவருக்கு ஆண்டின் எஞ்சிய நாள்களில் கலைக்கு இடமுண்டா என்பதே இங்கு எழும் வினா.

ஒகேனக்கல் தரும் கற்றல் வளங்கள்

பென்னாகரம் வட்டத்திலுள்ள ஒகேனக்கல்லின் பெயர், புகையும் பாறை எனப் பொருள்படும் கன்னடச் சொற்களால் ஆனது. இப்பெயரே எல்லைப்புற மாணவர்க்கு ஒரு மொழியாய்வுப் பாடமாகும். வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசும் குழந்தையின் மொழியறிவு, அங்கே குறையாகாமல் துணையாகிறது.

மூங்கிலால் பின்னப்படும் பரிசலின் வட்ட வாயை அளந்து, சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதத்தை மாணவர் தாமே கண்டறியலாம். ஒற்றைத் துடுப்பால் தள்ளினால் பரிசல் ஏன் சுழல்கிறது, அதனை நேராகச் செலுத்துவது எவ்வாறு என்பன இயற்பியல் வினாக்கள்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் மிகுந்துள்ள புளூரைடு, பற்களையும் எலும்புகளையும் பாதிப்பது. இதற்குத் தீர்வாக அமைந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. தம் ஊரின் கிணறுகளையும் குழாய்களையும் வரைபடமாக்கும் மாணவர், அறிவியலோடு பொதுநலச் சிந்தனையும் பெறுவர்.

இவ்வட்டாரத்தில் வேரூன்றிய தெருக்கூத்து, பலதிறன் கூட்டுக்குச் சிறந்த சான்று. கட்டியங்காரனின் நகைச்சுவை, வேடதாரியின் அடவு, பின்பாட்டு, மத்தளம், முகவீணை, ஒப்பனை ஆகிய அனைத்தும் கூடினால்தான் கூத்து நிகழும். ஒரு வகுப்பு முழுவதும் கூத்து ஒன்றை உருவாக்குமாயின், மேடைக்கு அஞ்சும் மாணவனுக்கும் அதில் இன்றியமையாத பணி கிடைக்கும்.

ஓர் எச்சரிக்கை

வட்டாரத் தொழிலை வகுப்பறைக்குக் கொணர்தல், குழந்தையைப் பெற்றோர் தொழிலுக்குள் அடைப்பதாக மாறிவிடக் கூடாது. குலக்கல்வி எனக் கண்டிக்கப்பெற்ற 1953ஆம் ஆண்டின் தொடக்கக் கல்வித் திட்டம், 1954இல் கைவிடப்பட்ட வரலாறு தமிழகத்துக்கு உண்டு. பரிசலோட்டியின் மகளும் அலுவலரின் மகனும் ஒருங்கே பரிசலை ஆராய வேண்டும்; இருவருக்கும் உயர்கல்வி வாயில் ஒன்றுபோல் திறந்திருக்க வேண்டும். தொழில் இங்கே அறிவுக்கான வாயிலேயன்றி, வாழ்வின் எல்லையன்று.

முடிவுரை

அனைவரின் திறனும் வளர மூன்று தேவைகள் புலனாகின்றன. படைப்புச் செயல்பாட்டுக்குக் கால அட்டவணையில் நிலையான நேரம் வேண்டும். மதிப்பீடு, மாணவரைப் பிறரோடு ஒப்பிடாமல், அவரது முந்தைய நிலையோடு ஒப்பிட வேண்டும். வட்டாரக் கலைஞரும் தொழிலறிஞரும் வகுப்பறைக்கு அழைக்கப்பெற்று, அவர்தம் உழைப்புக்கு ஊதியமும் பெற வேண்டும். பரிசு பெற்றோர் எண்ணிக்கையைக் கொண்டு பள்ளியை அளப்பதைக் காட்டிலும், எதையும் படைக்க வாய்ப்பின்றி ஆண்டைக் கடந்த மாணவர் எத்தனை பேர் எனக் கேட்பதே பொருத்தமான அளவுகோலாகும்.