புள்ளித்திரளும் மாதிரியும்: நோத்ர தாம் பேராலயத்தின் எண்மிய அளவீடு

ஆய்வுச் சுருக்கம்

இடைக்காலக் கட்டடங்களை லேசர் வருடியால் அளந்து, கணினியில் முப்பரிமாண மாதிரியாக்கும் முறை இன்று பரவலாகியுள்ளது. அளவீட்டில் கிடைக்கும் தரவும் அதிலிருந்து உருவாக்கப்படும் மாதிரியும் ஒன்றல்ல. முன்னது சான்று, பின்னது விளக்கம். இவ்வேறுபாட்டின் இன்றியமையாமையைப் பாரிஸ் நகரின் நோத்ர தாம் பேராலயத்தைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: லேசர் வருடி, புள்ளித்திரள், முப்பரிமாண மாதிரி, கோத்திக் கட்டடக்கலை, மரபுப் பாதுகாப்பு.

முன்னுரை

நோத்ர தாம் பேராலயத்தின் கட்டுமானம் 1163ஆம் ஆண்டளவில் தொடங்கியது. 2019 ஏப்ரல் 15 அன்று நிகழ்ந்த தீவிபத்தில் அதன் இடைக்கால மரக்கூரைச் சட்டகமும், 19ஆம் நூற்றாண்டில் வியோலே-லெ-துக் வடிவமைத்த கூர்ங்கோபுரமும் அழிந்தன. கல் வளைகூரையின் சில பகுதிகள் இடிந்து வீழ்ந்தன. மறுசீரமைப்பிற்குப் பின்னர் 2024 டிசம்பரில் பேராலயம் மீண்டும் திறக்கப்பட்டது. அப்பணிக்குத் துணைநின்றவற்றுள் தீவிபத்திற்கு முன்னர் எடுக்கப்பட்ட அளவீடுகளும் அடங்கும். அவை எவற்றைப் பதிவு செய்தன, எவற்றைப் பதிவு செய்ய இயலவில்லை என்பது ஆராயத்தக்கது.

அளவிடும் முறை

லேசர் வருடி ஒளித்துடிப்பை வெளியிட்டு, அது பரப்பில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கணக்கிடுகிறது. ஒளியின் வேகம் அறியப்பட்டதாதலால் நேரத்திலிருந்து தொலைவு கிடைக்கிறது. கிடைமட்டக் கோணமும் செங்குத்துக் கோணமும் சேரும்போது அப்புள்ளியின் இருப்பிடம் உறுதியாகிறது. இவ்வாறு பெறப்படும் புள்ளிகளின் தொகுதியே புள்ளித்திரள் ஆகும். ஓரிடத்திலிருந்து அளக்கும்போது தூணின் மறுபுறம் மறைந்துவிடும். எனவே, கருவி பல இடங்களில் நிறுத்தப்பட்டு, பொதுவான குறிகளின் துணையால் எல்லாப் பதிவுகளும் ஒன்றிணைக்கப்படுகின்றன.

அமெரிக்காவின் வாஸர் கல்லூரிக் கலைவரலாற்றறிஞர் ஆண்ட்ரூ டேலன் 2010இல் இம்முறையில் பேராலயத்தை அளந்தார். 50க்கும் மேற்பட்ட இடங்களிலிருந்து 100 கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகள் திரட்டப்பட்டன. தீவிபத்திற்குச் சில மாதங்களுக்கு முன், 2018 நவம்பரில் அவர் மறைந்தார்.

பிறழ்வுகளே சான்றுகள்

கட்டட வரைபடங்களில் தூண்கள் நேர்வரிசையில் நிற்பதாகக் காட்டப்படுவது வழக்கம். ஆனால், டேலனின் அளவீட்டில் உட்புறத் தூண்கள் சில நேர்கோட்டில் அமையவில்லை என்பது புலப்பட்டது. அவ்விடத்தில் முன்பே இருந்த கட்டடங்களை முற்றிலும் அகற்றாமல் அவற்றையொட்டியே பணி நடந்ததன் விளைவு இது என அவர் கருதினார்.

மறுதலையாக, பிறழ்வின்மையும் சான்றாகிறது. சுவர்களை வெளிப்புறமிருந்து தாங்கும் உதைவளைவுகள் தொடக்கத்திலேயே அமைந்தவையா, பின்னர்ச் சேர்க்கப்பட்டவையா என்பது நெடுநாள் விவாதம். அவை பின்னர்ச் சேர்க்கப்பட்டிருப்பின், இடைப்பட்ட காலத்தில் வளைகூரையின் உந்துவிசையால் மேற்சுவர்கள் வெளிநோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். அத்தகைய சாய்வு காணப்படாமையால், உதைவளைவுகள் தொடக்கம் முதலே இருந்தன என்று டேலன் வாதிட்டார்.

மாதிரியாக்கத்தில் நேரும் இழப்பு

புள்ளித்திரளை அப்படியே பயன்படுத்துவது கடினம். ஆகவே, மாதிரியை உருவாக்குவோர் ஒரு தூணை வரைந்து, அதனையே படியெடுத்துப் பிற இடங்களில் நிறுத்துவதுண்டு. இதனால் கோப்பின் அளவு குறையும், தோற்றமும் செம்மையாகும். ஆனால், மேலே கண்ட இரு முடிவுகளுக்கும் ஆதாரமான சிறு வேறுபாடுகள் அங்கே மறைந்துவிடும். அத்தகைய மாதிரியை மட்டும் பெறும் பிற்கால ஆய்வாளர், மாதிரியை உருவாக்கியவரின் ஊகத்தையே கட்டடத்தின் உண்மையாகக் கொள்ள நேரும்.

கருவி காணாதவை

லேசர் ஒளி பரப்பை மட்டுமே அளக்கும். 2023இல் வெளியான ஆய்வொன்று, பேராலயத்தின் கற்களைப் பிணைக்க 1160களிலேயே இரும்புப் பற்றுக்கம்பிகள் பயன்படுத்தப்பட்டதை நிறுவியது. தீவிபத்திற்குப் பின் வெளிப்பட்ட பகுதிகளை ஆராய வாய்த்ததே இதற்கு வழிவகுத்தது. கல்லுக்குள் புதைந்திருந்த இரும்பை எந்தப் புள்ளித்திரளும் காட்டியிருக்க இயலாது.

மரக்கூரையைப் பொறுத்தவரை, கட்டடக்கலைஞர்கள் ரெமி ஃபுரோமோன், செத்ரிக் திராந்தசோ ஆகியோர் 2014இல் கையால் அளந்து வரைந்த பதிவு பெரிதும் பயன்பட்டது. மரத்துண்டுகளின் இணைப்பு முறையைத் தச்சு அறிவுடன் நேரில் கண்டு குறித்த பதிவு அது. இடைக்காலப் பகுதிகளுக்கான புதிய ஓக் மரச்சட்டங்களும் கைக்கோடரியால் செதுக்கப்பட்டன. கருவியின் விரைவும் மனிதக் கண்ணின் தேர்வும் ஒன்றையொன்று நிறைவு செய்பவை என்பதை இது உணர்த்துகிறது.

முடிவுரை

எண்மிய அளவீடு கட்டடத்திற்கு மாற்றாகாது. குறிப்பிட்ட நாளில் அதன் பரப்பு இருந்த நிலைக்குச் சான்றாகும். எனவே, திருத்தப்படாத புள்ளித்திரளை, அளந்த நாள், கருவி, துல்லியம் ஆகிய குறிப்புகளுடன் திறந்த கோப்பு வடிவில் பேணுதல் வேண்டும். மாதிரியில் அளந்த பகுதி எது, ஊகித்த பகுதி எது என்பதைப் பிரித்துக் காட்டுதலும் வேண்டும். 2010இல் அளந்தவர் அறிந்திராத தேவை ஒன்று 2019இல் எழுந்தது. எத்தகைய வினா பின்னர் எழும் என்பதை அளப்பவர் முன்கூட்டி அறிய இயலாதாகையால், தரவைச் செம்மைப்படுத்துவதைக் காட்டிலும் அதனைச் சிதையாமல் காப்பதே முதற்கடமை எனலாம்.