டெல்ஃப்ட் முதல் தேவனாம்பட்டினம் வரை: முளைத்த தானியம் செய்த மாயம் தெரியுமா?

கடலூர் தேவனாம்பட்டினத்தில் டச்சுக்காரர்கள் எப்போது கால் வைத்தார்கள், தெரியுமா? 1608-இல்! சென்னையில் ஆங்கிலேயர் கோட்டை கட்ட இடம் வாங்கியதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே! செஞ்சி நாயக்கரிடம் அனுமதி பெற்று, துணி வாங்கப் பண்டகசாலை போட்டார்கள். அந்தச் செஞ்சி அரசின் கடற்கரையில்தான் டச்சுக் கப்பல்கள் நங்கூரம் போட்டன. பிறகு பரங்கிப்பேட்டையிலும் கடை விரித்தார்கள்.

கப்பலில் வந்த அந்த மாலுமிகள் தங்கள் ஊரில் தினமும் என்ன குடித்து வளர்ந்தவர்கள்? பியர்! கால்வாய்த் தண்ணீரை நம்பிக் குடிக்க முடியாத ஊர்கள் அவை. பியர் காய்ச்சும்போது தண்ணீர் கொதித்துவிடுகிறது அல்லவா? அதனால் போதை குறைந்த மெல்லிய பியர் பெரியவர், சிறியவர் எல்லோருக்கும் அன்றாடப் பானமாக இருந்தது. ஆம்ஸ்டர்டாமில் நல்ல தண்ணீருக்காகப் பியர் காய்ச்சுபவர்கள் ஊருக்கு வெளியே ஆற்றுக்குப் படகு அனுப்பினார்கள். குளிர்காலத்தில் கால்வாய் உறைந்துபோனால், குதிரைகளைப் பூட்டி இழுத்த பனி உடைக்கும் படகு முன்னால் போய் வழி திறந்தது!

அந்தப் பியரில் முதலில் ஹாப்ஸ் பூவே கிடையாது, தெரியுமா? சதுப்பு நிலத்தில் வளரும் ஒரு மணமுள்ள புதரின் இலை முதலிய மூலிகைகளைச் சேர்த்த 'க்ரூட்' என்ற கலவைதான் போட்டார்கள். அதை விற்கும் உரிமை பிரபுக்கள் கையில்; வரி வசூலிக்க அதைவிட நல்ல வழி வேறென்ன? பிறகு ஜெர்மனியின் ஹாம்பர்க்கிலிருந்து ஹாப்ஸ் போட்ட பியர் வந்தது. ஹாப்ஸின் கசப்பு பியரைச் சீக்கிரம் கெடாமல் காத்தது, அதனால் பீப்பாயில் தொலைதூரம் போக முடிந்தது. 1323-இல் ஆம்ஸ்டர்டாம் இந்த ஹாம்பர்க் பியருக்குச் சுங்கம் வசூலிக்கும் துறைமுகம் ஆனது. சிறிய ஊராக இருந்த ஆம்ஸ்டர்டாம் பெரிய துறைமுகமாக வளர்ந்ததில் பியருக்கும் பங்கு உண்டு!

ஓட்ஸ், பார்லி, கோதுமை மூன்றும் சேர்ந்த 'கோய்ட்' என்ற பழைய பியர் வகை தொலைந்தே போயிருந்தது. டச்சு நாட்டின் ஹார்லெம் நகரம் தன் 750-ஆம் ஆண்டு விழாவுக்காக 1407-ஆம் ஆண்டின் பழைய குறிப்பைத் தேடி எடுத்து அதை மறுபடி காய்ச்ச வைத்தது. அந்தப் பியருக்கு வைத்த பெயர் 'யோப்பன்'. அது பழைய 112 லிட்டர் பீப்பாயின் பெயர். 2010 முதல் ஒரு பழைய தேவாலயக் கட்டடத்துக்குள் அது தயாராகிறது!

அதே நாட்டின் டெல்ஃப்ட் ஊரின் கதை இன்னும் வியப்பு. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆறு கிளைகளில் ஒன்று அங்கே இருந்தது. பதினேழாம் நூற்றாண்டில் அவ்வூர்ப் பியர்த் தொழில் நொடித்து, ஆலைகள் பூட்டிக் கிடந்தன. கம்பெனிக் கப்பல்களில் வந்த சீனப் பீங்கானைப் பார்த்து நீலமும் வெள்ளையுமாகப் பாண்டம் செய்யத் தொடங்கிய குயவர்கள் அந்தக் காலி ஆலைகளில்தான் சூளை வைத்தார்கள். உலகப் புகழ்பெற்ற டெல்ஃப்ட் பாண்டம் பியர் ஆலையில் பிறந்தது!

அதே டெல்ஃப்டில் ஒரு துணி வியாபாரி. நூலின் தரம் பார்க்கும் லென்ஸில் தொடங்கி, தானே நுண்ணோக்கி செய்து உலகையே உற்றுப் பார்த்தவர். பெயர் லேவன்ஹூக். அவருடைய தாயார் பியர் காய்ச்சும் குடும்பத்தில் பிறந்தவர்! 1680-இல் பியரை நுண்ணோக்கியில் வைத்து, ஈஸ்டின் சிறு உருண்டைகளைப் பார்த்து லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். அவை உயிருள்ளவை என்று அறிவியல் உறுதியாகச் சொல்ல ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

தேவனாம்பட்டினத்துக்கு அந்தப் பியர் வந்து சேர்ந்ததா என்றால், ஆறு மாதத்துக்கு மேல் நீளும் வெப்பமண்டலப் பயணத்தை அது தாங்கவில்லை. பீப்பாய்கள் முதல் சில வாரங்களிலேயே காலியாகும், மிஞ்சியது புளித்துவிடும். ஆசியாவில் கம்பெனி ஆட்கள் சாராயத்துக்கு மாறினார்கள்.

இப்போது உண்மையான அதிசயத்துக்கு வருகிறேன். பியரின் உயிர்நாடி ஹாப்ஸ் அல்ல, முளைகட்டிய தானியம். தானியம் முளைக்கும்போது அமைலேஸ் என்னும் நொதி பெருகுகிறது. அது மாவுப்பொருளைச் சர்க்கரையாக்குகிறது, சர்க்கரையை ஈஸ்ட் மதுவாக்குகிறது. இந்த நுட்பம் நம்மவர்களுக்குத் தெரியுமா? தெரியும்! பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையில், கடியலூர் உருத்திரங்கண்ணனார் வலைஞர் குடியிருப்பைப் பாடும் இடத்தில் செய்முறையே இருக்கிறது. நச்சினார்க்கினியர் உரையோடு படித்தால் படிப்படியாக விளங்கும். குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிக் கூழாக்க வேண்டும். அகன்ற தட்டில் ஊற்றி ஆற வைக்க வேண்டும். பிறகு, முளையை இடித்துச் செய்த அடையைக் கலக்க வேண்டும். இனிப்பு ஏறும்படி இரண்டு பகல் இரண்டு இரவு விட்டு, சாடியில் முற்றவைத்து, விரலால் அலைத்துப் பிழிய வேண்டும்.

ஆற வைத்த பிறகே முளையைச் சேர்க்கிறார்கள், பாருங்கள்! கொதிக்கும் கூழில் போட்டால் அமைலேஸ் செயலிழந்துவிடும், இனிப்பே வராது. நுண்ணோக்கியோ வெப்பமானியோ இல்லாமல், மீன் பிடித்துப் பிழைத்த வீடுகளில் இந்தப் பக்குவம் கைப்பழக்கமாக இருந்திருக்கிறது. டச்சுக்காரர்கள் பார்லியில் செய்ததை இவர்கள் நெல்லில் செய்தார்கள். மதுவைப் பற்றி யாருக்கு என்ன கருத்து இருந்தாலும், இந்த அறிவைப் பாடப்புத்தகத்தில் சொல்லாமல் விடுவது பெரிய இழப்பு என்பேன்.

பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு 1889-இல் அச்சேற்றிய உ.வே. சாமிநாதையர், 1924 முதல் 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் முதல்வராக இருந்தார், தெரியுமா? அந்தச் சிதம்பரத்திலேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இன்று தமிழ்த் துறையும் வேளாண் புலமும் இருக்கின்றன. ஹார்லெம்காரர்கள் 1407-ஆம் ஆண்டுக் குறிப்பை எடுத்துச் செய்து பார்த்ததுபோல, இவ்விரு துறையினரும் சேர்ந்து கூழ் எந்தச் சூட்டில் இருக்கும்போது முளை மாவு நன்றாக வேலை செய்கிறது, எந்த நெல்லின் முளையில் நொதி அதிகம் என்று அளந்து எழுதலாம். உரையில் அளவுகள் மட்டும்தான் இல்லை. செய்முறையின் வரிசை முழுதாகக் கிடைத்திருக்கிறது!