அரக்கோணத்து ராட்சசன் கடற்கரையில் நிற்கிறான்

சென்னையை ஒட்டிய நம் நசரத்பேட்டையிலிருந்து மேற்கே நேர்கோடு போட்டால் நாற்பது சொச்சம் கிலோமீட்டரில் அரக்கோணம். வெளிவட்டச் சாலைச் சந்திப்பில் லாரிகளுக்கு நடுவே நாம் மாட்டிக்கொண்டு முழிக்கும் நேரத்துக்குள் அந்தத் தூரத்தைப் போய்த் திரும்பிவிடக்கூடிய ஒரு விமானம் அங்கே இருபத்தைந்து வருஷம் குடியிருந்தது. பெயர் டியூ-142. சோவியத் தயாரிப்பு. வேலை, நீர்மூழ்கிக் கப்பல் வேட்டை.

பக்கத்து ஊர்க்காரர்கள் அதன் வயிற்றை மட்டும்தான் பார்த்திருப்பார்கள், அதுவும் அண்ணாந்து. அது குடியிருந்த ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படைத் தளம்; வாசலில் போய் நின்று "சார், கொஞ்சம் உள்ளே பார்த்துட்டு வந்துடறோம்" என்று கேட்க முடியுமா? முதுகையும் மூக்கையும் கிட்டத்தில் பார்க்க வேண்டுமென்றால் இப்போது விசாகப்பட்டினத்துக்கு ரயில் ஏற வேண்டும். அக்கா பையனையும் இழுத்துக்கொண்டு ஏறிவிட்டேன்.

ராமகிருஷ்ணா கடற்கரைச் சாலையில் ஆட்டோவை விட்டு இறங்கினால் எதிரே நிற்கிறது! நீளம் 53 மீட்டர். இறக்கை இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு 50 மீட்டர். இவ்வளவு பெரிய உடம்பு நட்டநடு ஊரில், ஐஸ்கிரீம் வண்டிகளுக்கும் பலூன்காரர்களுக்கும் பக்கத்தில் நிற்பதைப் பார்க்கவே சிரிப்பு வருகிறது. எப்போதும் பேசிக்கொண்டே இருக்கும் பையன் ஒரு நிமிடம் பேசவில்லை.

நான் நேரே புரொப்பெல்லர்களிடம் ஓடினேன். ஓடினேன் என்பது மிகையில்லை. இந்த விமானத்தின் மொத்த அழகும் அங்கேதான். குஸ்னெட்சோவ் என்.கே.-12 என்ஜின் நான்கு. ஒவ்வொன்றின் சக்தியும் கிட்டத்தட்ட 15,000 குதிரைத்திறன். இவ்வளவு பலத்தை ஒரே புரொப்பெல்லரில் கொட்டினால் அது தரையில் இடிக்கும் அளவுக்குப் பெரிதாகிவிடும். ஆகவே என்ஜினுக்கு இரண்டு, ஒன்றின் பின்னால் ஒன்று, எதிரெதிர்த் திசையில் சுற்றும். முன்னது காற்றைத் திருகிவிட்டுத் தள்ள, அந்தத் திருகலில் வீணாகும் சக்தியைப் பின்னது பிடித்துக்கொள்ளும். ஜோடிக்கு எட்டு இதழ், மொத்தம் 32. குறுக்களவு 5.6 மீட்டர், மூன்று ஆள் உயரம். இரண்டாம் உலகப்போர் முடிந்து ரஷ்யர்கள் பிடித்துக்கொண்டு போன ஜெர்மானிய, ஆஸ்திரியப் பொறியாளர்களின் கையும் இந்த என்ஜினில் உண்டு. புரொப்பெல்லர் வைத்த விமானம் என்றால் சோப்ளாங்கி என்று நினைப்பவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள்: இது மணிக்கு 900 கிலோமீட்டர் வரைக்கும் போகும்.

அந்த வேகத்தில் இதழ்களின் நுனி ஒலியையே முந்தும். விளைவு, காது கிழியும் சத்தம். விஷயத்தைச் சொன்னதும் பையன் வக்கீல் மாதிரி மடக்கினான்.

"அப்போ கீழ இருக்கற நீர்மூழ்கிக்காரனுக்கே கேட்டுடுமே மாமா?"

"கேக்கும்னுதான் சொல்றாங்கடா."

"கேட்டா ஓடிட மாட்டானா?"

நல்ல கேள்வி. பதில் இந்த விமான அருங்காட்சியகத்தின் காட்சிக் கூடத்தில் இருந்தது: சோனோபாய். பார்த்தால் சாதாரணக் குழாய். விமானம் இதைக் கடலில் வரிசையாகப் போட்டுக்கொண்டே போகும். ஒரு பாதி மிதக்கும். ஒலிவாங்கி மட்டும் கம்பியில் தொங்கிக்கொண்டு ஆழத்துக்கு இறங்கும். கீழே கேட்பதை மேலே ரேடியோவில் சொல்லும். எந்தக் குழாய்க்கு எப்போது எவ்வளவு சத்தம் வந்தது என்று கணக்குப் போட்டால், ஓடுகிறவன் எந்தப் பக்கம் ஓடுகிறான் என்பது தெரிந்துவிடும். பத்து மணி நேரத்துக்கு மேல் வானத்திலேயே தங்கக்கூடிய விமானத்துக்கு அவசரம் என்ன?

ஏவுகணை, உயிர்காப்புப் பொருட்கள், கறுப்புப் பெட்டி எல்லாம் கூடத்தில் வைத்திருக்கிறார்கள். அவற்றை வேகமாகவே கடந்தேன். வால் நுனிதான் என்னை நிறுத்தியது. கண்ணாடி ஜன்னல் வைத்த குட்டி அறை, அதற்குக் கீழே இரட்டைத் துப்பாக்கி. கடலைத் துழாவப் போகும் விமானத்தில், வந்த வழியையே பார்த்தபடி ஒரு மனிதர் உட்கார்ந்திருப்பாராம். பையனுக்கு அந்த வேலை உடனே வேண்டும்.

இத்தனையும் இங்கே எப்படி வந்தது என்பது தனிக் கதை, எனக்கு அதுதான் சுவாரசியம். மொத்தம் எட்டு விமானங்கள் வாங்கினோம். 1988-இல் கோவாவில் சேர்ந்து, 1992-இல் அரக்கோணத்துக்கு மாறின. 29 ஆண்டுகள், 30,000 மணி நேரம், ஒரு விபத்தில்லை. 2017 மார்ச் 29 அன்று ராஜாளியில் வழியனுப்பு விழா. வேலையை போயிங் பி-8ஐ விமானம் எடுத்துக்கொண்டது. ஏப்ரல் 8-ஆம் தேதி இந்த ஒன்று மட்டும் தானே பறந்து விசாகப்பட்டினத்தின் ஐ.என்.எஸ். தேகா தளத்தில் இறங்கியது.

சரி, இறங்கிவிட்டது. அங்கிருந்து கடற்கரைக்கு? 50 மீட்டர் இறக்கையை விரித்துக்கொண்டு ஊர்ச் சாலையில் வர முடியுமா? பிரித்தார்கள். இறக்கை தனி, வால் தனி, உடல் தனி. கடற்கரைச் சாலைக்குக் கொண்டுவந்து மறுபடி கோத்தார்கள். காலியாகவே 90 டன் எடையுள்ள பிராணி. தாங்குகிற மாதிரி அடித்தளம் வேண்டும். பறப்பதற்காகச் செய்த ஒவ்வொரு இணைப்பும் இப்போது நிற்பதற்காகப் பூட்டப்பட வேண்டும். டிசம்பர் 7-ஆம் தேதி குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் திறந்துவைத்தார். ஏப்ரல் முதல் டிசம்பர் வரை, எட்டே மாதம்! நம் பக்கம் ஒரு சர்வீஸ் ரோடு போட எவ்வளவு நாள் ஆகிறது என்ற நினைப்பை அடக்கிக்கொண்டேன்.

திறந்ததோடு வேலை முடியவும் இல்லை. கொஞ்சம் தள்ளி வங்கக்கடல். உப்புக்காற்று அலுமினியத்தை விடாது. பெயின்ட், இடுக்கடைப்பு, துடைப்பு என்று ஓய்வுபெற்ற விமானத்துக்கும் ஆள் வேண்டும். அந்த ஆட்களுக்குத் தனி டிக்கெட் போட்டுக் காட்டினால் முதல் வரிசையில் நான் நிற்பேன்.

இன்னொரு டியூ-142 ராஜாளியிலேயே காட்சிக்கு நிற்கிறது. நமக்கு அத்தனை பக்கத்தில், ஆனால் தளத்துக்கு உள்ளே! இதைச் சொல்லும்போது லேசாக வயிற்றெரிச்சல்.

சாலையைக் கடந்தால் எதிரே ஐ.என்.எஸ். குர்சுரா. 1969-இல் கடற்படையில் சேர்ந்து, 2002-இல் அருங்காட்சியகமான நீர்மூழ்கி. அதுவும் சோவியத் தயாரிப்புதான். வேட்டைக்காரனையும் வேட்டையையும் ஒரே தெருவில் குடிவைத்தவருக்கு நல்ல குறும்பு. முதலில் நீர்மூழ்கிக்குள் போங்கள் என்பது என் சிபாரிசு. அந்த ஒடுங்கிய நடையில் தலையில் இரண்டு இடி வாங்கி, ஒரு ஆள் படுக்கவே யோசிக்கும் படுக்கைகளைப் பார்த்து, வேர்த்துக் கொட்டிக்கொண்டு வெளியே வந்தபின் இங்கே வந்து அந்த 32 இதழ்களுக்குக் கீழே நில்லுங்கள். நாங்கள் தலைகீழாகப் போனோம். அதனால் பையன் மறுபடி விமானத்துக்கே போக வேண்டும் என்று பிடித்த பிடியில், டிக்கெட்டை இன்னொரு தரம் வாங்க வேண்டியதாயிற்று.