படம் பிடித்தவன் பட்ட கடன்

புகைப்படம் பிடிப்பது நமக்கு ஜீவனத் தொழிலன்று. வாரத்தில் ஐந்து நாட்களை நீதிஸ்தலமும், இரவுகளைப் பத்திரிகைக் காரியாலயமும் எடுத்துக்கொள்ளுகின்றன. எஞ்சிய ஞாயிற்றுக்கிழமைகளிலும் கோடை விடுமுறையிலுமே காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டு கிராமங்களுக்குப் புறப்படுகிறோம். மலையும் கோபுரமும் நமக்கு விஷயமல்ல. மனித முகமே விஷயம். பல வருஷ காலம் இவ்வாறு திரிந்ததில் கற்றுக்கொண்டவை சில உண்டு. வெட்கித் தலைகுனியச் செய்த சம்பவம் ஒன்றும் உண்டு. அதைச் சொல்லவே இன்று இப்பத்தியை எடுத்துக்கொண்டோம்.

வேறு உத்தியோகத்தில் இருந்துகொண்டு ஓய்வு வேளையில் படம் பிடிப்பதை விளையாட்டென்று சிலர் எள்ளுவர். லாலா தீனதயாளின் வரலாற்றை அவர்கள் அறியார் போலும். 1844-ல் மீரட்டை அடுத்த சர்தானாவில் பிறந்து, ரூர்க்கி பொறியியல் கல்லூரியில் பயின்று, இந்தூரில் மராமத்து இலாகாவில் வரைபடம் வரையும் வேலையில் அமர்ந்தவர் அவர். 1874-ஆம் வருஷ வாக்கில் பொழுதுபோக்காகவே காமிராவைக் கையில் எடுத்தார். உத்தியோகத்தை விட்டு நைஜாம் சமஸ்தானத்தின் ஆஸ்தானப் படக்காரர் ஆனதெல்லாம் பின்னால் நடந்தது. அந்நாளில் வெளியூர் சென்று படமெடுப்பதென்றால் கண்ணாடித் தகடுகளையும், ரசாயனக் குப்பிகளையும், இருட்டறைக்கான கூடாரத்தையும் சுமந்து செல்லவேண்டும். ஈரத்தகட்டு முறையில் மருந்து பூசிய கண்ணாடி உலருமுன் படம் பிடித்து, உலருமுன் கழுவியும் முடிக்கவேண்டும். நம் நாட்டு வெயிலில் அது எத்துணைக் கஷ்டமென்று நேயர்கள் ஊகிக்கலாம். சட்டைப் பைக்குள் காமிரா அடங்கும் இக்காலத்தில் நமக்குக் கஷ்டமென்று சொல்லிக்கொள்ள அதிகமில்லை.

ஆயினும் வெளியிடத்தில் முகத்தைப் பிடிப்பதற்கென்று சில நியதிகள் இன்றும் உண்டு. உச்சி வெயிலில் யாரையும் நிறுத்தலாகாது. கண்குழிகள் இருண்டு, உயிருள்ள முகம் மண்டையோடு போலத் தோன்றும். திண்ணையின் நிழலில் உட்காரவைத்து முகத்தைத் தெருவை நோக்கித் திருப்பினால், எதிர்வீட்டு வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சமே போதும். சுவர் இல்லாத இடத்தில் ஒரு வெள்ளை வேஷ்டியை எதிரே பிடித்தாலும் அந்தக் காரியம் நடக்கும். தெருக் குழந்தைகள் கூடிவிட்டால் அவர்களை விரட்டக்கூடாது. முதலில் அவர்களைப் படம் பிடித்துக் காட்டிவிடவேண்டும். பிறகுதான் பெரியவர்கள் கூச்சம் நீங்கி அருகில் வருவார்கள். இவையெல்லாம் கைப்பழக்கத்தால் வருபவை. கைப்பழக்கத்தால் வராததொன்று உண்டு. அதை ஒரு நெசவாளர் குடும்பத்தினரே நமக்குக் கற்பித்தனர்.

கும்பகோணத்தை அடுத்த ஒரு நெசவாளர் தெரு. குழித்தறியில் முதியவர் ஒருவர் பட்டுப் புடவை நெய்துகொண்டிருந்தார். இடுப்பில் வேஷ்டி, தோளில் துண்டு, மேலே ஒன்றுமில்லை. ஓட்டுக் கூரையில் பதித்திருந்த ஒற்றைக் கண்ணாடியின் வழியே விழுந்த வெளிச்சம் அவருடைய தோளெலும்பையும், நாடாவை வீசும் விரல்களையும் தொட்டு நின்றது. படமெடுக்க அனுமதி கேட்டோம். அவர் தறியை நிறுத்தி, "கொஞ்சம் பொறுங்கள், ஐயா. சட்டை போட்டுக்கொண்டு வருகிறேன்" என்றார்.

"வேண்டாம், பெரியவரே! இப்படியே இருப்பதுதான் அழகு" என்றோம்.

படித்தவன் சொல்லுகிறான் என்று அவர் இணங்கினார். நாம் வேண்டிய மட்டும் எடுத்துக்கொண்டோம். பிறகு அவர் எழுந்து உள்ளே போய், வெள்ளைச் சட்டை அணிந்து, நெற்றியில் திருநீறு துலங்க, மனைவியையும் அழைத்துக்கொண்டு வாசற்படிக்கு வந்து நின்றார். இருவரும் கைகளைத் தொங்கவிட்டு, சிரிக்காமல், நேரே பார்த்து நின்றார்கள். "நாங்கள் இருவரும் சேர்ந்து நின்ற படம் வீட்டில் ஒன்றும் இல்லை. ஒரு பிரதி அனுப்பினால் புண்ணியமாகப் போகும்" என்றார். அவசியம் அனுப்புவதாக வாக்களித்து, மரியாதைக்காக ஒன்று எடுத்துக்கொண்டு புறப்பட்டோம்.

அன்று மாலை ரயிலில் வரும்போது மெமரி கார்டு என்னும் சிறு தகட்டில் இடம் போதவில்லை. வாசற்படிப் படத்தில் கலையொன்றும் இல்லையென்று நினைத்து அதை அழித்துவிட்டோம். தறியிலிருந்த படமோ ஒரு கண்காட்சியில் இடம்பெற்றுப் பலருடைய பாராட்டையும் பெற்றது. வாக்களித்த பிரதியை அனுப்பும் காரியத்தில் மாதா மாதம் நமக்கு நாமே வாய்தா கொடுத்துக்கொண்டிருந்தோம்.

ஒன்றரை வருஷம் கழித்து ஒரு வழக்கின் நிமித்தம் கும்பகோணம் செல்ல நேர்ந்தது. தறிப் படத்தைச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனோம். பெரியவர் காலமாகி நான்கு மாதம் ஆகியிருந்தது. சுவரில் அவருடைய வாக்காளர் அட்டைப் படத்தைப் பெருக்கி மாலையிட்டிருந்தார்கள். முகம் இன்னதென்று தெரியாதபடி மங்கியிருந்தது. நாம் கொண்டுபோன படத்தை அவர் மனைவி வாங்கி நெடுநேரம் பார்த்தார். பிறகு, "சட்டை போட்டுக்கொண்டு என் பக்கத்தில் நின்றாரே, அந்தப் படம் எங்கே, ஐயா?" என்று கேட்டார்.

நீதிஸ்தலத்தில் எத்தனையோ குறுக்கு விசாரணை செய்து பழகிய நமக்கு அந்த ஒரு கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. உண்மையைச் சொன்னோம். அவ்வம்மாள் மேலே ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய் ஒரு லோட்டா மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

சட்டப்படி நாம் குற்றவாளியல்லோம். 1957-ஆம் வருஷத்திய பதிப்புரிமைச் சட்டத்தின்படி படத்தின் ஆசிரியன், படம் பிடித்தவனே. கூலி கொடுத்து எடுக்கச் சொல்லியிருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாத பக்ஷத்தில், முதல் உரிமை எடுக்கச் சொன்னவருடையது. கூலி கொடுக்காதவருக்கு, முகம் அவருடையதாயினும், பதிப்புரிமையில் பங்கு இல்லை. அந்தரங்கம் ஒவ்வொருவருக்கும் அடிப்படை உரிமையென்று 2017-ல் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் ஒருமுகமாகத் தீர்ப்பளித்திருக்கிறார்கள். அத்தீர்ப்பும் அழித்த படத்தை அந்த வீட்டுக்குத் திருப்பித் தராது. சட்டம் முடிந்த இடத்தில்தான் தர்மம் தொடங்குகிறது.

இது நம் ஒருவருடைய பிழை மட்டுமன்று. 1936 மார்ச்சு மாதத்தில் டொரோதியா லாங்கு என்னும் அமெரிக்க மாது, சர்க்கார் இலாகா ஒன்றுக்காகக் கலிபோர்னியாவில் படமெடுத்துவிட்டு மோட்டாரில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். நிப்போமோ என்னுமிடத்தில் பட்டாணி பறிக்கும் கூலிகளின் முகாமைக் கடந்து இருபது மைல் போனபின் மனம் கேளாமல் திரும்பிவந்தார். கூடாரத்தடியில் குழந்தைகளுடன் பசித்திருந்த ஒரு தாயைச் சில படங்கள் எடுத்தார். அவற்றுள் ஒன்று உலகப் பிரசித்தி பெற்றது. பத்திரிகையில் படங்கள் வெளிவந்ததும் அந்த முகாமுக்கு 20,000 பவுண்டு எடையுள்ள உணவுப்பொருள் அனுப்பப்பட்டது. அது போய்ச் சேருமுன் அந்தக் குடும்பம் அங்கிருந்து அகன்றுவிட்டது. தாயின் பெயரைத் தாம் கேட்கவில்லை என்று லாங்கு அம்மையே பிற்காலத்தில் எழுதினார். பிளாரன்சு ஓவன்சு தாம்சன் என்ற அப்பெயரை உலகம் அறிய 1978 ஆயிற்று. அப்படத்தால் தமக்கு ஒரு காசும் வரவில்லை என்று அவர் மனக்கசப்புடன் கூறினார். படம் சர்க்காரின் உடைமையாதலால் லாங்குக்கும் அதில் தனி வருமானம் இல்லை. அவருடைய கருணையை நாம் ஐயுறவில்லை. அப்படத்தால் பலருக்கு நன்மை விளைந்தது. ஆயினும் நாற்பத்திரண்டு வருஷம் ஒரு தாய் பெயரில்லாமல் உலகெங்கும் ஏழ்மையின் சின்னமாகத் திரிந்தாள் என்பதை மறுக்க இயலுமா?

தேசத்தொண்டில் ஈடுபட்ட நேயர்களுக்கு இதில் ஒரு முக்கிய விஷயம் இருக்கிறது. இன்று ஒவ்வொரு தொண்டர் கையிலும் காமிரா உண்டு. வெள்ளம் வந்தால் அரிசிப் பை வழங்குகிறோம். வழங்கும்போதே பெறுகிறவரின் முகத்தையும் படம் பிடித்து ஊரெங்கும் பரப்புகிறோம். வீடிழந்து நிற்கும் ஒருவர் நம்மிடம் "படம் வேண்டாம்" என்று சொல்லத் துணிவாரா? அரிசிக்கு அவர் முகத்தை விலையாக வாங்குவது தானமாகுமா, வியாபாரமாகுமா? நண்பர்களே சிந்திக்கவேண்டும்.

நாம் இப்பொழுது மூன்று விரதங்களை மேற்கொண்டிருக்கிறோம். அனுமதி கேட்காமலும் பெயர் அறியாமலும் எடுப்பதில்லை. அவர் எப்படித் தோன்ற விரும்புகிறாரோ அப்படியே முதற்படத்தை எடுக்கிறோம். நமது கலை அதற்குப் பின்புதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் பிரதியைத் தபாலில் சேர்த்தபிறகே புதிதாகக் காமிராவைத் திறக்கிறோம்.

இவ்விரதங்களால் அந்த வாசற்படிப் படம் திரும்பி வரப்போவதில்லை. அந்தக் கடனைத் தீர்க்க நமக்கு வழியில்லை. மற்றொருவர் அத்தகைய கடன்படாமல் இருக்கட்டும் என்றே இதை எழுதினோம்.