பேரிங்கும் சுத்தியலும்



ஒரு கார் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் கேட்கிறது. வேகம் கூடினால் முனகலும் கூடுகிறது. இடப்பக்கம் திரும்பும்போது ஒலி மிகுகிறது. வலப்பக்கம் திரும்பினால் அடங்குகிறது. நோய் என்னவாக இருக்கும்? பெரும்பாலும் வலப்பக்கச் சக்கரத்தின் பேரிங் பழுதாகியிருக்கும். இடப்பக்கம் திரும்பும்போது காரின் பாரம் வலப்பக்கச் சக்கரங்களின் மீது கூடுகிறது. பழுதான பேரிங் அந்தப் பாரம் தாளாமல் முனகுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் என் காரிலும் இந்த முனகல் கேட்டது. ஆண்டுதோறும் வகுப்பில் வெப்ப விரிவைப் பற்றிப் பாடம் நடத்துகிற நான், என்ன செய்தேன் தெரியுமா? புதிய பேரிங்கை வாங்கி வந்து, வீட்டிலேயே சுத்தியலால் அடித்து ஏற்றினேன். மூன்றே வாரங்களில் முனகல் திரும்பி வந்துவிட்டது! குற்றம் பேரிங்கில் இல்லை. நான் செலுத்திய விசை சென்ற வழியில் இருந்தது. அது எப்படி என்று பார்ப்போம்.

ஆணியும் இல்லை, பசையும் இல்லை

பாடநூல்கள் 'பந்துத் தாங்கி' என்று கூறுவதைத்தான் பட்டறைகளில் பேரிங் என்கிறார்கள். வெளி வளையம் ஒன்று, உள் வளையம் ஒன்று, இவற்றிற்கு இடையே உருளும் எஃகுக் குண்டுகள். சைக்கிள் கடையில் 'பால்ரஸ்' என்று கேட்டு வாங்குகிறோமே, அதே இனத்தைச் சேர்ந்த குண்டுகள்தாம். முன்சக்கரங்களால் இழுக்கப்படும் பல சிறிய கார்களில், பேரிங்கின் வெளி வளையம் 'நக்கிள்' என்னும் கனமான உலோகப் பாகத்தின் துளைக்குள் இறுகியிருக்கும். சக்கரம் பொருத்தப்படும் 'ஹப்'பின் தண்டு, உள் வளையத்துக்குள் இறுகியிருக்கும். கார் ஓடும்போது நக்கிள் சுழலாது, ஹப் சுழலும்.

இவற்றை இறுக்கிப் பிடித்திருப்பது எது? ஆணியன்று, பசையுமன்று. பேரிங்கின் வெளி விட்டம் 72.00 மி.மீ. என்றால், துளையின் விட்டம் 71.95 மி.மீ. இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். துளையைவிடப் பேரிங் 0.05 மி.மீ. பெரியது! ஒரு தலைமயிரின் தடிப்பு அளவே உள்ள இந்த வேறுபாட்டால் இரு உலோகங்களும் ஒன்றையொன்று நெருக்குகின்றன. அந்த நெருக்கத்தால் எழும் உராய்வே பேரிங்கை அசையாமல் பிடித்திருக்கிறது. கூடுதல் காவலுக்குப் பல கார்களில் 'சர்க்கிளிப்' என்ற வில்வளையம் ஒன்றும் இருக்கும்.

குண்டுகள் தாங்காத விசை

ஒரு குண்டு வளையத்தைத் தொடும் பரப்பு மிகச் சிறியது. அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுக்கக் கிடைப்பது அல்லவா? பரப்பு சிறுத்தால் அழுத்தம் மலைபோல் உயரும். வளைந்த பரப்புகள் ஒன்றையொன்று தொடும்போது ஏற்படும் அழுத்தத்தை 1881-ஆம் ஆண்டில் கணக்கிட்டுக் காட்டியவர் ஹைன்ரிச் ஹெர்ட்ஸ். அதிர்வெண்ணின் அலகுக்குப் பெயர் தந்தாரே, அதே ஹெர்ட்ஸ்தான்! அப்போது அவருக்கு வயது 23.

இன்று பேரிங்குகளுக்கு உள்ள ஒரு வரம்பு இது: தொடும் இடத்தில் அழுத்தம் 4,200 மெகாபாஸ்கல் அளவை எட்டினால், குண்டின் விட்டத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு நிரந்தரச் சிதைவு உண்டாகும். 10 மி.மீ. குண்டு என்றால் 0.001 மி.மீ. அதற்கு மேல் அழுத்தினால் பள்ளம் ஆழமாகும். சுத்தியலின் ஓர் அடியில் எழும் கணநேர விசை இந்த வரம்பை எளிதில் கடந்துவிடும்.

'இத்தனை சிறிய பள்ளம் என்ன செய்துவிடும்?' என்று கேட்கலாம். குண்டுக்கும் வளையத்துக்கும் இடையே இருக்கும் கிரீஸ் படலமே ஒரு மைக்ரானுக்கும் குறைந்த தடிப்புள்ளது என்பதை நினைவில் கொள்ளுங்கள். கார் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும்போது சக்கரம் நொடிக்கு ஏறத்தாழ 10 முறை சுற்றுகிறது. ஒரு வரிசையில் 12 குண்டுகள் இருந்தால், வெளி வளையத்திலுள்ள ஒரே பள்ளத்தின் மீது நொடிக்குச் சுமார் 50 குண்டுகள் ஏறி இறங்கும். நொடிக்கு 50 தட்டல்கள்! முனகலாகக் கேட்பது இதுவே.

திருகும் ஓர் எந்திரமே

சுத்தியல் வேண்டாம் என்றால், பழைய பேரிங்கை எப்படி வெளியேற்றுவது? பட்டறையில் பிரஸ் இருக்கும். வீட்டில் ஒரு நீண்ட திருகுத் தண்டு, நட்டுகள், தடித்த வாஷர்கள், தக்க அளவுள்ள குழாய்த் துண்டுகள் போதும். 16 மி.மீ. விட்டமும் 2 மி.மீ. புரியிடைத் தூரமும் உள்ள தண்டு ஒன்றில், 30 செ.மீ. நீளமுள்ள ஸ்பேனரால் 150 நியூட்டன் விசை தருகிறோம் என்க. உராய்வே இல்லாவிட்டால் சுமார் 1,41,000 நியூட்டன் விசை கிடைக்கும். உராய்வு பத்தில் ஒன்பது பங்கை விழுங்கிவிட்டாலும் ஏறத்தாழ 14,000 நியூட்டன் மிஞ்சும். இது 1,400 கிலோகிராம் நிறையுள்ள பொருளின் எடைக்குச் சமம். சுத்தியலைப்போல் திடீரென்று தாக்காமல், இந்த விசை மெல்ல மெல்ல ஏறுகிறது.

ஹப்பை வெளியே இழுக்கும்போது விசை குண்டுகளின் வழியாகத்தான் செல்லும், வேறு வழியில்லை. ஆகவே, ஒரு முறை கழற்றிய பேரிங்கைக் குப்பைக்கு அனுப்ப வேண்டும்; 'நன்றாகத்தானே சுழல்கிறது' என்று திரும்பப் பொருத்தக் கூடாது.

சூடும் குளிரும்

எவர்சில்வர் டம்ளர்கள் இரண்டு ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக்கொண்டால் வீட்டில் என்ன செய்கிறார்கள்? உள் டம்ளரில் குளிர்ந்த நீரை ஊற்றி, வெளி டம்ளரை வெந்நீரில் வைக்கிறார்கள். இங்கும் அதே தந்திரந்தான்.

எஃகின் நீள் விரிவுக் குணகம் டிகிரி செல்சியசுக்கு 0.000012. நக்கிளின் வெப்பநிலையை 100 டிகிரி உயர்த்தினால் துளையின் விட்டம் 72 × 0.000012 × 100, அதாவது சுமார் 0.086 மி.மீ. பெருகும். துளை சுருங்காதா என்று சிலர் ஐயுறுவர். துளையைச் சுற்றியுள்ள உலோகத்தை ஒரு நீண்ட பட்டையாக விரித்து நினைத்துப் பாருங்கள். பட்டை நீளும்போது அது சூழ்ந்திருக்கும் துளையும் பெரிதாகத்தானே வேண்டும்?

புதிய பேரிங்கை உறையிலிட்டு மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் வைத்தால், 30 டிகிரியிலிருந்து 48 டிகிரி குளிர்ந்து சுமார் 0.041 மி.மீ. சுருங்கும். இரண்டும் சேர்ந்து 0.127 மி.மீ. நமக்குத் தடையாக இருந்ததோ 0.05 மி.மீ. மட்டுமே! பேரிங் மிக எளிதாக உள்ளே இறங்கும். ஆனால் விரைவு வேண்டும். தொட்ட சில நொடிகளில் இரண்டின் வெப்பநிலையும் நெருங்கிவிடும். புதிய பேரிங்கை மட்டும் தீச்சுடரில் காட்டவே கூடாது. உள்ளிருக்கும் கிரீசும் ரப்பர் உறையும் கெட்டுவிடும்.

எந்த வளையத்தைத் தள்ளுவது?

இதுதான் பாடத்தின் உயிர்நாடி. பேரிங்கை நக்கிளுக்குள் செலுத்தும்போது வெளி வளையத்தை மட்டும் தள்ள வேண்டும். ஹப்பின் தண்டை உள் வளையத்துக்குள் செலுத்தும்போது, மறுபுறம் உள் வளையத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். எந்த வளையம் இறுகுகிறதோ, விசை அந்த வளையத்தின் வழியாகவே செல்ல வேண்டும். குண்டுகளைக் கடந்து செல்லவே கூடாது. நான் செய்த பிழை இரண்டாவது படியில் நேர்ந்தது. முட்டுக் கொடுக்காமல் ஹப்பை அடித்தேன். ஒவ்வோர் அடியும் குண்டுகளின் வழியே பாய்ந்தது.

ஏ.பி.எஸ். பிரேக் உள்ள பல கார்களில் பேரிங்கின் ஒரு பக்கத்தில் காந்த வளையம் இருக்கும். அப்பக்கம் சென்சாரை நோக்கி அமைய வேண்டும். மாற்றிப் பொருத்தினால் எல்லாவற்றையும் மறுபடி கழற்ற வேண்டியதுதான்.

கடைசியாக, ஆக்ஸில் நட்டு. பல சிறிய கார்களில் இதற்கு 200 நியூட்டன் மீட்டரை ஒட்டிய திருப்புவிசை தேவை. அதாவது 40 செ.மீ. நீளமுள்ள கைப்பிடியில் 500 நியூட்டன் விசை. உங்கள் காருக்குரிய சரியான அளவு அதன் கையேட்டில் இருக்கும். நட்டை முறையாக இறுக்கும் முன் காரின் பாரத்தைச் சக்கரத்தின் மேல் இறக்கக் கூடாது.

இந்த வேலையை நீங்கள் தனியே செய்யாதீர்கள். அனுபவமுள்ள பெரியவர் உடனிருக்கட்டும். ஜாக்கியை மட்டும் நம்பாமல் உறுதியான தாங்குகால்களில் காரை நிறுத்துங்கள். கண்ணாடி அணியுங்கள், இறுகும் திருகுத் தண்டுக்கு நேரெதிரே நிற்காதீர்கள். இது விளையாட்டன்று, பொருத்திய சக்கரத்தை நம்பி ஒரு குடும்பம் பயணம் செய்யப் போகிறது.

ஒரு கேள்வியுடன் முடிக்கிறேன். நக்கிள் எஃகாக இல்லாமல் அலுமினியமாக இருந்தால்? அலுமினியத்தின் விரிவுக் குணகம் எஃகினதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. அப்படியானால் அதை எத்தனை டிகிரி சூடாக்கினால் 0.086 மி.மீ. விரிவு கிடைக்கும்? கணக்கிட்டுப் பாருங்கள். விடையைக் கண்டதும், பயணத்தின்போது சூடேறும் அத்தகைய நக்கிளில் பேரிங்கை ஏன் இன்னும் இறுக்கமாகப் பொருத்த வேண்டியிருக்கும் என்பதையும் சிந்தியுங்கள்.