இன்னொருவர் ஊர்ப் பேருந்தில்

பரம்பிக்குளம் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், முதலமடை ஊராட்சியில் இருக்கிறது. ஆனால் அங்கே பேருந்து போகிற சாலை தமிழ்நாட்டுக்குள் இருக்கிறது. பொள்ளாச்சி, ஆனைமலை, சேத்துமடை, டாப்சிலிப் என்று ஏறி வந்த பிறகுதான் மறுபடி கேரளம் தொடங்கும். காட்டுக்குள் வாழும் காடர், மலசர், முதுவர் குடும்பங்கள் தங்கள் ஊராட்சி அலுவலகத்தில் ஒரு சான்றிதழ் வாங்குவதற்கே பக்கத்து மாநிலத்துக்குள் இறங்கி, சுற்றி வளைத்துச் சொந்த மாநிலத்துக்குள் நுழைய வேண்டியிருக்கிறது. பொள்ளாச்சியிலிருந்து வரும் தமிழ்நாட்டுப் பேருந்தையும் பாலக்காட்டிலிருந்து வரும் கேரளப் பேருந்தையும் சேர்த்து எண்ணினாலும் ஒரு நாளைக்குச் சில நடைகள்தான். ஒன்றைத் தவறவிட்டால் அன்றைய வேலை கெட்டது.

விடுமுறை நாட்களில் அதே பேருந்தில் புலிகள் காப்பகம் பார்க்க நாமும் ஏறுகிறோம். நம்மில் பலர் முதுகுப் பையைப் பக்கத்து இருக்கையில் வைக்கிறார்கள், பின்னால் வருகிற நண்பனுக்காகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிறார்கள், செல்பேசியில் பாட்டைச் சத்தமாக வைக்கிறார்கள். அரிசி மூட்டையோடும் கைக்குழந்தையோடும் ஏறிய ஊர்க்காரப் பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டு மலை ஏறுகிறாள். காட்டைப் பார்க்க இன்னொரு வாரமும் வரலாம். அவளுக்கு மாத்திரை வாங்க வேறு பேருந்து கிடையாது. எல்லை தாண்டிய பயணத்தின் ஒழுங்குகள் எல்லாமே இந்த ஒன்றிலிருந்துதான் பிறக்கின்றன என்று நினைக்கிறேன்: அந்தப் பேருந்து அன்றாடம் போய் வருகிறவர்களுக்காக ஓடுகிறது, நாம் அதில் விருந்தாளிகள்.

சிங்கப்பூருக்குப் போனால் நாம் இதைச் சட்டென்று கற்றுக்கொள்கிறோம். அங்கே ரயிலில் சாப்பிட்டாலோ குடித்தாலோ 500 வெள்ளி வரை அபராதம் என்று போட்டிருக்கும். முறுக்குப் பொட்டலத்தைப் பைக்குள் வைத்துவிட்டு அமைதியாக உட்கார்ந்து வருகிறோம். ஜப்பான் ரயிலில் செல்பேசியில் பேச மாட்டார்கள் என்று ஊர் திரும்பி வியந்து சொல்கிறோம். ஆனால் கோயம்புத்தூரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டரில் இருக்கும் பாலக்காட்டுக்கோ, கம்பத்திலிருந்து மலை ஏறினால் வந்துவிடும் குமுளிக்கோ போகும்போது அந்தக் கவனம் நம்மிடம் இருப்பதில்லை. விமானம் ஏறாததால் வெளியிடத்துக்குப் போகிறோம் என்ற நினைப்பே வருவதில்லை. வழக்கம் மாறுவதற்குக் கடல் தாண்ட வேண்டியதில்லை. எல்லையிலுள்ள வாளையாறு தாண்டினால் போதும்.

முதல் வேறுபாடு காதில் விழும். தமிழ்நாட்டு நடத்துநர் விசில் ஊதுவார். கேரளத்தில் கூரையோரம் ஒரு கயிறு ஓடும், அதை இழுத்தால் ஓட்டுநர் பக்கத்தில் மணி அடிக்கும். ஒரு மணி என்றால் நிறுத்து, இரண்டு மணி என்றால் போ. நின்றுகொண்டு வருகிறவர்கள் பிடிமானம் என்று எண்ணி அந்தக் கயிற்றைப் பற்றிவிடக் கூடாது. இறங்குவதற்காகப் பாதி பேர் படியில் இருக்கும்போது தவறுதலாக இரண்டு மணி விழுந்தால் வண்டி நகர்ந்துவிடும். அடுத்தது இருக்கை. நம் நகரப் பேருந்துகளில் பெரும்பாலும் இடப்பக்க வரிசை பெண்களுக்கு. கேரளத்துத் தனியார் பேருந்தில் பெண்களுக்கான இருக்கைகள் முன்பக்கம், அவர்கள் ஏறுவதும் முன்வாசல் வழியாக. பலகையில் எழுதியிருக்கும் மலையாளம் படிக்கத் தெரியாது என்பதை நடத்துநர் ஒரு முறை பொறுத்துக்கொள்வார். எழுந்திருக்கச் சொன்ன பிறகும் உட்கார்ந்திருப்பதற்கு அதைச் சொல்ல முடியாது.

கட்டணத்திலும் பழக்கம் வேறு. தமிழ்நாட்டில் 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்தத் தமிழ்நாட்டுச் சலுகையைச் சொல்லிக் கேரளப் பேருந்து நடத்துநரிடம் வாதாடிப் பயனில்லை. கேரளத்தில் 2022இல் குறைந்தபட்சக் கட்டணம் 8 ரூபாயிலிருந்து 10 ரூபாய்க்கு உயர்ந்தபோதும் மாணவர் கட்டணம் 1 ரூபாயிலேயே நின்றது. அதனாலேயே சில தனியார் பேருந்துகளில் முழுக் கட்டணக்காரர்கள் எல்லாரும் ஏறிய பிறகுதான் சீருடைப் பிள்ளைகளை ஏறவிடுகிறார்கள். சிற்றூர், கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம் பக்கம் மாலையில் பேருந்துக்கு நிற்கிற பிள்ளைகளில் தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு. நாம் பத்து ரூபாய்க்காரர்கள் என்பதற்காக அவர்களை முந்திக்கொண்டு ஏற வேண்டாம். அவர்களை முதலில் ஏற்றிவிட்டு நாம் ஏறினால் நடத்துநரால் ஒன்றும் சொல்ல முடியாது.

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்துக்கு வந்தால் விஷயமே வேறு. தேனி மாவட்டத்துக் கம்பம், கூடலூர், தேவாரம், போடியில் விடிவதற்கு முன்பே தெருமுனைகளில் ஜீப்புகள் வந்து நிற்கின்றன. ஏலக்காட்டு வேலைக்குப் போகும் பெண்கள் தூக்குவாளியும் மழைக்குப் போர்த்தும் கொங்காணித் துணியுமாக ஏறிக்கொள்கிறார்கள். லோயர் கேம்ப் வழியாகக் குமுளிக்கும், கம்பம்மெட்டு வழியாக வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கமும், போடிமெட்டு வழியாகப் பூப்பாறை, சாந்தன்பாறைக்கும் ஜீப்புகள் பிரிந்து போகும். சாயங்காலம் அதே ஜீப்பில் இறக்கம். இந்தியாவின் ஏலக்காயில் பெரும்பங்கு விளையும் இந்த மலை, மாநில எல்லையைத் தினமும் இருமுறை கடக்கிற இந்தக் கைகளால்தான் நடக்கிறது.

அந்த ஜீப்பில் எழுதாத சட்டங்கள் உண்டு. வளைவுகளில் வயிறு புரட்டுகிறவர் பின்பக்கத் திறப்பை ஒட்டி உட்காருவார். வயதானவர் சாய்மானம் உள்ள இடத்தில் இருப்பார். முழங்காலோடு முழங்கால் கோத்துக்கொண்டால்தான் எல்லாருக்கும் இடம். தூக்குவாளி மடியில்தான், தரையில் வைத்தால் இன்னொருவர் கால் வைக்க முடியாது. தூங்கி விழுகிறவரின் தலையைப் பக்கத்துத் தோள் தாங்கும், அதற்காக யாரும் மன்னிப்புக் கேட்பதில்லை. இட நெருக்கடியில் மனிதர் மனிதரை எப்படி மதிப்பது என்பதற்கு இதைவிடப் பெரிய பாடத்தை நான் எந்த நாட்டு ரயிலிலும் கண்டதில்லை. அதே மூச்சில் இதையும் சொல்ல வேண்டும்: அளவுக்கு மீறி ஆள் ஏற்றுகிற அந்த ஜீப்புகள் ஆபத்தானவை. பெண்கள் பொறுமையாகச் சமாளிக்கிறார்கள் என்பதால் அது சரியாகிவிடாது. விடிகாலையில் இந்த மூன்று மலைச்சாலைகளிலும் போதுமான பேருந்துகளை விட வேண்டிய கடமை இரண்டு மாநிலங்களுக்கும் இருக்கிறது.

சுற்றுலா போகிறவர்கள் இந்தத் தொழிலாளர்களைச் சந்திப்பது கொண்டை ஊசி வளைவுகளில்தான். படம் எடுக்க வளைவில் காரை நிறுத்தினால், நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்துவிட்டு இறங்குகிற ஜீப்புகள் பின்னால் வரிசையாக நிற்கும். இடுக்கிக்குள் பேருந்து குறைந்த ஊர்களில் ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கி ஓடுகிற ‘ட்ரிப் ஜீப்’பில் நாம் ஏறலாம், தடையில்லை. ஆனால் முன்னிருக்கையை மொத்தமாகப் பிடித்துக்கொண்டு, ‘கூடுதலாகத் தருகிறேன், உடனே கிளம்பு’ என்று ஓட்டுநரை அவசரப்படுத்தக் கூடாது. அந்த ஜீப்பை நம்பி ரேஷன் கடையில் இன்னும் இரண்டு பேர் நின்றுகொண்டிருப்பார்கள். பரம்பிக்குளத்துக்கு நேரெதிரான கதையும் இங்கேயே இருக்கிறது: கொழுக்குமலை தமிழ்நாட்டில், தேனி மாவட்டத்தில் இருக்கிறது, ஜீப் ஏறுகிற வழியோ கேரளத்தின் சூரியநெல்லியில் தொடங்குகிறது. ஒருவர் மண்ணை மிதிக்காமல் இன்னொருவர் தன் மண்ணுக்கு வண்டியில் போக முடியாத மலை இது.

மழையைப் பற்றிச் சொல்லாமல் இடுக்கிப் பயணத்தைச் சொல்ல முடியாது. ஜூன் மாதத்தில் கம்பத்தில் வெயில் அடிக்கும், குமுளியில் கொட்டும். கேரளத்துப் பழைய பேருந்துகள் பலவற்றில் கண்ணாடி ஜன்னல் கிடையாது, மேலிருந்து இறக்கிவிடும் மறைப்புத்தான். தூறல் விழுந்ததும் ஜன்னலோரத்தில் இருப்பவர்தான் அதை இறக்க வேண்டும். அது அந்த இருக்கையோடு வருகிற வேலை. நாம் அருவியைப் படம் பிடிப்பதற்காகத் திறந்து வைத்திருந்தால் பின்னிருக்கைக் குழந்தை நனையும். ஈரக் குடையை மடித்துக் காலடியில் வையுங்கள். மேலே தொங்கவிட்டால் அடுத்தவர் கழுத்தில் சொட்டும். வாந்தி வரும் என்று தெரிந்தவர்கள் வயிறு நிறையச் சாப்பிடாமல், கையில் ஒரு காகிதப் பையோடு ஏற வேண்டும். ஓடுகிற பேருந்தின் ஜன்னலில் தலையை நீட்டினால் எதிர்வண்டி உரசும், பின் ஜன்னல்காரர் மேலும் தெறிக்கும். சொல்லக் கூச்சமான விஷயம்தான். மலைப் பேருந்தில் சண்டை மூள்வது பெரும்பாலும் இதனால்தான்.

உடுமலையிலிருந்து ஒன்பதாறு, சின்னாறு, மறையூர் வழியாக மூணாறு போகும் பேருந்தில் இன்னொரு ஒழுங்கு கூடும். இரு பக்கமும் வனம். யானை சாலையில் நின்றால் ஓட்டுநர் வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். அப்போது கத்துவதும், பிளாஷ் அடிப்பதும், இறங்குவதும் வண்டியில் இருக்கிற எல்லாருடைய உயிரோடும் விளையாடுவதாகும். தினமும் போகிறவர்கள் மூச்சுக்கூடச் சத்தமாக விடமாட்டார்கள். அவர்களைப் பார்த்து நடந்தால் போதும்.

சத்தத்துக்கும் புகைக்கும் சட்டமே இருக்கிறது. பொது இடத்தில் புகைபிடிப்பதற்கு எதிராக இந்தியாவில் முதலில் தீர்ப்புச் சொன்னது கேரள உயர் நீதிமன்றம், 1999 ஜூலையில். உச்ச நீதிமன்றம் 2001இல்தான் நாடு முழுவதற்கும் சொன்னது. செல்பேசியில் சத்தமாகப் பாட்டு வைப்பதற்கு எதிராகக் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் 2022இல் அறிவிப்புக் கொடுத்தது.

சட்டம் போட முடியாத ஒன்று பேச்சு. தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் 1956இல் மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது பெரும் வழக்காக இருந்தவை. தலைமுறை தலைமுறையாகத் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் வாழும் மண். மூணாறுப் பேருந்தில் தமிழும் மலையாளமும் கலந்தே கேட்கும். நடத்துநர் நம் தமிழைப் புரிந்துகொண்டு மலையாளத்தில் பதில் சொல்வார், அதுவே அங்கே இயல்பு. அவரிடம் சினிமாவில் கேட்ட மலையாளத்தை இழுத்துப் பேசிக் காட்டிச் சிரிப்பது அசிங்கம். அந்தச் சிரிப்பு நாம் இறங்கிய பிறகும் அங்கே வாழ்கிற தமிழர்மேல் மிஞ்சும். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணை விவகாரம் எரிந்தபோது எல்லையில் பேருந்துகள் நின்றன, ஏலத்தோட்டங்களில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் பயந்து மலை இறங்கின. எல்லையில் நல்லுறவு உடைவதன் விலையை அவர்கள்தான் கொடுத்தார்கள், நாமல்ல.

பெருந்தொற்றுக் காலத்தில் நின்றுபோன இரு மாநிலப் பேருந்துகள் 2021 டிசம்பர் 1 அன்றுதான் மறுபடி ஓடத் தொடங்கின. இடைப்பட்ட ஏறத்தாழ இருபது மாதத்தில் பயணம் செய்தவர்கள் வாளையாற்றிலும் குமுளியிலும் இறங்கி, சோதனைச் சாவடியை நடந்து கடந்து, மறுபக்கத்துப் பேருந்தில் ஏறினார்கள். அந்தத் தடத்தின் அருமை இரு பக்கத்துக்கும் அப்போது தெரிந்தது. இரு போக்குவரத்துக் கழகங்களும் உடனே செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது: எல்லை தாண்டும் ஒவ்வொரு பேருந்திலும் பெண்களுக்கான இருக்கை எது, மூத்தவர்களுக்கானது எது, மணி எதற்கு, வனச்சாலையில் எப்படி இருக்க வேண்டும் என்று தமிழிலும் மலையாளத்திலும் கண்ணில் படும் அளவுக்கு எழுதி ஒட்ட வேண்டும். பரம்பிக்குளம் போன்ற தடங்களில் ஊர்க்காரர்கள் ஏறிய பிறகே மற்றவர்களுக்கு இருக்கை என்ற ஏற்பாட்டையும் பொள்ளாச்சி நிலையத்திலேயே தொடங்கலாம்.